பெருவிரலின் பழைய கணக்கு

வலப்பக்கம் ஒரு கிளிக் சுற்றினால்
இடப்பக்கம் மூன்று ஓடும்.
சில நாள் ஓடாது.
சில நாள் நான் தொடாமலே ஓடும்.
நூற்றிருபத்தைந்திலிருந்து ஏற்றினேன்,
முப்பதுக்கு இறங்கியது.
படத்தில் மணப்பெண்ணின் கை
மருதாணியோடு சேர்ந்து கரைந்துபோயிற்று.

ஏழு மாதம் அதோடு குடித்தனம்.
ஏற்ற வேண்டுமென்றால் இறக்குவேன்,
கண்ணை எடுக்காமல்,
மறுகா உள்ளங்கையால் ஒரு தட்டு.
சாய்ந்தமருதிலும் மாளிகைக்காட்டிலும்
பெண்கள் பக்கத்துப் படமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
என் பெருவிரல் போடும் கள்ளக்கணக்கு
ஒருத்திக்கும் தெரியாது.

கொழும்பில் விசாரித்தேன்.
பதினெட்டாயிரம். மூன்று கிழமை.
"பார்ட்ஸ் வந்தால்தான்."
இன்று புதன்.
சனிக்கிழமை நிந்தவூரில் றிஸ்மியாவின் கல்யாணம்.

கல்முனைப் பாமசியில் ஐசோபுரோப்பைல் கேட்டேன்.
"யாருக்குக் காயம்?" என்றான் பொடியன்.
கமராவுக்கு என்றேன்.
சிரிக்காமல் பில் போட்டான்.

இஷாவுக்குப் பிறகு, பிள்ளை உறங்கியபின்,
சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து
மின்விசிறியை நிறுத்தினேன்.
பற்றரி வெளியே.
பிளாஷுக்குள் மின்சாரம் பதுங்கியிருக்குமென்று
அந்தப் பக்கம் விரல் போகவில்லை.
முட்டைத் தட்டில் ஆணிகள்,
குழிக்கு ஒன்று, கழற்றிய வரிசையில்.
ஐந்தாவது ஆணிக்குத் தலை தேய்ந்திருந்தது:
அதற்கு ஒரு றப்பர் துண்டும்
ஒரு பிஸ்மியும்.

"இன்னும் படுக்கல்லியா?"
அறைக்குள்ளிருந்து ஜெஸீல்.
"வாறன்."
அந்த 'வாறன்' ஒரு மணித்தியாலம் நீண்டது.

உள்ளே
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தட்டு,
அதன்மேல் இரண்டு செப்பு மீசை.
எது முந்தித் தொடுகிறதோ அதுதான் திசை;
இது முந்தினால் வலம், அது முந்தினால் இடம்.
ஒரு மீசையில் பச்சை படர்ந்திருந்தது.
கடல் எங்கள் வீட்டுக்கு முந்நூறு யார்,
ஜன்னல் எப்போதும் திறந்தபடி,
உப்புக்கு யார் அழைப்பிதழ் கொடுக்க வேண்டும்?
தொட்டும் தொடாத மாதிரி அந்த மீசை.
பாவம், கமரா என்ன செய்யும்?
மாப்பிள்ளை வீடு முதலில் கோல் எடுத்ததா
பெண் வீடு எடுத்ததா என்று
ஆறு மாதமாய்க் கதைக்கும் சனம் போல
நாளுக்கொரு விதம் சொல்லியிருக்கிறது.

உப்போடு கிடந்தது தங்கத் தூள் ஒன்று.
மர்ஜூனாவின் மணவறையிலிருந்து வந்ததோ,
எதற்கும் சிரிக்காத
அந்த ஒலுவில் பெண்ணுடையதோ.
காதுக்குச்சி நுனியில் அதை எடுத்து
ஊதிவிடக் கொஞ்சம் பிந்தினேன்.

ஒரு சொட்டு, ஒரு சுற்று, துடைப்பு.
பஞ்சு கறுத்தது.
ஒரு சொட்டு, ஒரு சுற்று.
பஞ்சு வெளுத்து வரும்வரை.
மெல்லிய நாடாவை மூச்சடக்கிச் செருகினேன்.
எல்லாம் பூட்டி முடித்தபோது
தட்டில் ஓர் ஆணி மிச்சம்.
குழிகளை மூன்றுமுறை எண்ணினேன்.
எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது.
ஊசி டப்பியில் இருக்கிறது.

வலம் ஒரு கிளிக். வலம் ஒன்று.
இடம் ஒரு கிளிக். இடம் ஒன்று.
விளக்கை அணைத்தபிறகும் இருட்டில் இருந்து
தஸ்பீஹ் உருட்டுகிறவள் மாதிரி
சுற்றிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை.
றிஸ்மியா முகத்திரையை உயர்த்துகிறாள்,
வீடியோ எடுக்க வந்தவளின் விளக்கு
பளிச்சென்று எரிகிறது,
ஏற்ற வேண்டும்,
என் பெருவிரல் இறக்கியது.
நாலு கிளிக்.
கமரா சொன்னதைச் செய்தது.
திரையில் ஒரே வெள்ளை;
அதற்குள் இரண்டு கண் மட்டும்,
யாருடைய கண்ணாகவும் இருக்கலாம்.

பெருவிரலைக் கழற்றித் துடைக்க ஏலாது.
அதற்கு எத்தனை கல்யாணம் எடுக்குமோ.

"ராத்தா, திரும்ப இறக்கட்டா?"
"இறக்கு புள்ள. மறுகா மெல்ல உயர்த்து."

இந்த முறை
பின்பக்கம் வளைத்து, அவலட்சணமாய்,
சுட்டுவிரலால் சுற்றினேன்.
அதற்கு அந்தக் கணக்குத் தெரியாது.